இரண்டு பேர் குறைத்த சத்தம்

"மாஸ்டர், பாட்டு கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு," என்றார் பல் டாக்டர்.

பட்டறை வாசலில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. மாஸ்டருக்குப் பிடிபடவில்லை.

"எங்கேருந்து வருது?"

"கம்பளி மாஸ்டர். போர்வை. பாடறவங்க தலையோட இழுத்துப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி."

"வாய்க்குள்ளயே பேசினா எப்படிம்மா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

டாக்டர் சத்தமாகச் சொன்னார். எதிர்க்கடை டயர்க்காரர் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். முதல்தடவை வந்தபோதே தன் தேவையைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். "காலைலேருந்து என் காதுல பல்லு ராவுற மெஷின். வர்றவங்க வாயைத் திறந்துகிட்டு ஆ, ஆங்கறாங்க. வீட்டுக்குப் போனா மாமியார் டிவி. நடுவுல இருபது நிமிஷம் கார்ல இருக்கேன். அந்த இருபது நிமிஷம் எனக்கு வேணும்." கம்பெனியில் வைத்துக் கொடுத்த ஸ்பீக்கர்களை மாற்ற வேண்டும், டயர் சத்தமும் ரோட்டுச் சத்தமும் உள்ளே வரக்கூடாது. மாஸ்டர் ஆறு நாள் கேட்டார். ஏழாவது நாள் வண்டி போனது. பத்தே நாளில் திரும்பி வந்து நிற்கிறது.

"ரோட்டுச் சத்தம் எப்படி?"

"அது சுத்தமா இல்ல. என் மூச்சு எனக்கே கேக்குது. அதுல குறையே சொல்ல மாட்டேன். பாட்டுதான்."

உள்ளே இன்னொரு வண்டியின் கதவுக்கு முன்னால் மாஸ்டரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கு முதல்தடவையே கேட்டுவிட்டது. கை நின்றது.

டாக்டர் சாவியைக் கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

சத்தம் அடக்கும் வேலை முழுக்க அவளுடையது. கதவின் உள்பலகையைக் கழற்றி, பழைய பசையைத் தின்னர் போட்டுத் துடைத்து, கறுப்பு ரப்பர் தாளை அளந்து வெட்டி இரும்பில் ஒட்டுவாள். அந்தத் தாளின் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். அதன் மேல் சின்ன உருளையை வைத்து அழுத்தி அழுத்தி ஓட்ட வேண்டும். தாளில் அச்சாகியிருக்கும் கட்டங்கள் மறையும்வரை ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் காற்று நின்றாலும் ஆறு மாதத்தில் உரிந்துவிடும். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடியும் ஓட்டைகள் உண்டு, அவற்றை மட்டும் மூடக்கூடாது. கதவு முடிந்தால் தரை, தரை முடிந்தால் பின்பெட்டி, கடைசியாகச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு. தகரக் கூரைக்குக் கீழே கோடையில் தாள் தானாக இளகும். மழை நாளில் ஹேர் டிரையரால் சூடு காட்ட வேண்டும். அவள் வலது உள்ளங்கை உருளையின் பிடியளவுக்குக் காய்த்திருந்தது.

வயரிங் வேலை மாஸ்டரின் தம்பியுடையது. அவளுக்குக் கொழுந்தன். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, மாடியில் அவர்களோடுதான் இருக்கிறான். ஸ்பீக்கர்களை மாட்டி முடித்த பிறகு மாஸ்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார். மடியில் லேப்டாப்பை வைத்து, ஒரே ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, எந்த ஸ்பீக்கரில் எவ்வளவு என்று கோடுகளை ஏற்றி இறக்குவார். மைக் வைத்து அளக்கிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. பதினெட்டு வருடமாக அந்த ஊரில் அவருக்குப் பெயரே காது மாஸ்டர்.

அந்தக் காதுதான் போய்விட்டிருந்தது.

ஒரேயடியாகப் போகவில்லை. காது முதலில் மேல் சத்தங்களைத்தான் இழக்கும். தாளத் தட்டின் கிணுகிணுப்பு, வயலினின் உச்சி, பேச்சில் வரும் ச, ஸ. லாரி சத்தமும் டிரம் சத்தமும் அப்படியே இருக்கும். அதனால் தனக்குக் காது கேட்கவில்லை என்று யாருக்கும் தோன்றாது, மற்றவர்கள் ஒழுங்காகப் பேசவில்லை என்றுதான் தோன்றும். மூடிய வண்டிக்குள் அடிச்சத்தம் போடும் பெரிய ஊஃபர்களை நாள் கணக்கில் அலறவிட்டுச் சோதித்த மனிதர். காதில் பஞ்சாவது வையுங்கள் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. "பஞ்சை வச்சா எதைக் கேட்டு வேலை பாக்கறது? நீ பாப்பியா?" என்பார்.

பார்த்தாள். இரண்டு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் மேல் சத்தத்தை, அதாவது ட்ரெபிளை, எட்டுக்கு ஏற்றி வைத்துவிட்டு மாடிக்குச் சாப்பிடப் போவார். சாப்பிட்டால் அரைமணி நேரம் கண்ணசருவார். அந்த அரைமணியில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி, அதே பாட்டைப் போட்டு, எட்டை மூன்றுக்கு இறக்கிவிட்டு, கதவுப் பலகையை மாட்டப் போய்விடுவாள். லேப்டாப்பைத் தொட அவளுக்குத் தெரியாது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வண்டி எடுக்க வருகிறவர்கள் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அவள் பக்கத்தில் நின்று சீட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

டாக்டர் வண்டிக்கும் அவள் எட்டை மூன்றாக்கியிருந்தாள். மூன்றில் வைத்தால் பாட்டு கம்பளிக்குள் போகாது. வேறு ஏதோ நடந்திருக்கிறது.

மாஸ்டர் டாக்டர் வண்டியில் ஏறிப் பாட்டைப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்துகொண்டு காலை வெளியே நீட்டினார்.

"எவன்டா இது கை வச்சது?"

தம்பி மேசையில் வயரைச் சீவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"உன்னத்தான் கேக்கறேன். நான் எட்டு வச்சேன். இங்க மூணு இருக்கு. மூணு எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா?"

"தெரியலண்ணே."

"என்ன?"

"தெரியலண்ணே!"

"தெரியாதா? இந்தக் கடையில லேப்டாப் தொடறது நானும் நீயும்தான். நான் வைக்கல. அப்ப யாரு வச்சா, எதிர்க்கடை டயர்க்காரரா?"

டயர்க்காரர் இந்தத் தடவை திரும்பாமலே காதைத் தீட்டினார்.

மாஸ்டர் எட்டை மறுபடி வைத்துப் பாட்டைப் போட்டார். முகம் தெளியவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, கால் வைக்கிற இடத்தின் ஓரப்பலகையைப் பிடுங்கினார். உள்ளே தீப்பெட்டி மாதிரி இரண்டு டப்பாக்கள். சத்தத்தை ஊஃபருக்கும் மேல் சத்தம் தரும் குட்டி ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புகிறவை. குட்டி ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அதிலேயே ஒரு சின்ன பின் உண்டு, மூன்று இடத்தில் மாற்றிச் செருகலாம். இரண்டு டப்பாவிலும் பின் கடைசி இடத்தில் இருந்தது. அடியோடு குறைத்த இடம்.

மாஸ்டர் அந்த இரண்டு பின்னையும் பிடுங்கி, பழைய இடத்தில் செருகிவிட்டு, நிதானமாக இறங்கி வந்தார். அவர் நிதானமாக நடந்தால் வீட்டில் பாத்திரங்களை ஒதுக்கி வைப்பார்கள்.

"இதையும் டயர்க்காரர் பண்ணாரா?"

தம்பி கையிலிருந்த வயரை மேசையில் வைத்தான்.

"ரெண்டு இடத்துல. ஒரு இடத்துல பண்ணா நான் கண்டுபிடிச்சிருவேன்னு ரெண்டு இடத்துல. எவ்வளவு புத்தி பாத்தியா! தனிக்கடை போடணும்னு போன வருஷம் கேட்டே. நான் வேணாம்னேன். அதுக்காக என் பேரைக் கெடுத்துட்டுப் போவியாடா நீ? இந்தக் கையால சோறு போட்டு வளத்தேன்."

"அண்ணே, நான் உங்க பேரைக் கெடுக்கல."

"முணுமுணுக்காத!"

"கெடுக்கலண்ணே!"

"கத்தாத எங்கிட்ட! பண்றதையும் பண்ணிட்டுக் கத்தறியா? மேல போ. துணிய எடு. சாயங்காலம் அந்தம்மா வர்றப்ப உன் மூஞ்சி இங்க இருக்கக் கூடாது."

அந்த வீட்டில் எல்லாச் சண்டையும் இப்படித்தான் நடந்தது. மெதுவாகச் சொன்னால் முணுமுணுப்பு. கேட்கும்படி சொன்னால் கத்தல். உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்திச் சொன்ன பிறகு அது உப்பைப் பற்றிய பேச்சாக இருக்காது.

தம்பி மாடிக்குப் போனான். அவள் எழுந்து பின்னால் போனாள். முட்டி மடங்கியே இருந்ததால் படி ஏறும்போது வலித்தது.

அவன் அலமாரியிலிருந்து சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் பின்னை மாத்தினது நீதான?" என்றாள்.

"ஆமா."

"எதுக்கு?"

"எதுக்கோ. விடுங்க அண்ணி."

"எதுக்குன்னு கேட்டேன்."

அவன் ஒரு சட்டையை மடிக்கத் தொடங்கி, பாதியில் சுருட்டிப் பைக்குள் திணித்தான். "போன மாசம் நீங்க காய்ச்சல்ல நாலு நாள் படுத்திருந்தீங்கள்ல? அப்ப ஒரு வண்டி போச்சு. ஜவுளிக்கடைக்காரர் வண்டி. மறுநாளே எனக்கு மட்டும் போன் பண்ணாரு. 'தம்பி, பாட்டுப் போட்டா காதுல ஊசி ஏறுது, என் பொண்டாட்டி இறங்கி நடந்தே வர்றேங்கறா'ன்னாரு. போய்க் கேட்டேன். எனக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுது, அண்ணனுக்குக் கேக்கலன்னு. அதான் அடுத்த வண்டிலேருந்து, வண்டி வெளிய போறதுக்கு முன்னாடி கடைசியா நான் பலகைய மூடறப்ப பின்னை மட்டும் கீழ இறக்கிட்டேன். டாக்டரம்மா வண்டிதான் மொத வண்டி. ஆனா லேப்டாப்பைச் சத்தியமா நான் தொடல அண்ணி. அந்த மூணு எப்படி வந்துச்சுன்னுதான்..."

அவன் நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீங்களா?"

"ரெண்டு வருஷமா."

"லேப்டாப்பா? நீங்களா?"

"ஏன், எனக்கு விரல் இல்லையா?"

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது கோபமாயிற்று. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் ஒரு பக்கம் குறைக்க, நீங்க ஒரு பக்கம் குறைக்க, நல்ல வண்டிய நாமளே சேந்து கெடுத்திருக்கோம்."

"நீ சொன்னியா எங்கிட்ட?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"என் மனசைப் பத்திக் கவலைப்பட்டியா? கீழ அவர் உன்னைத் துரோகிங்கறாரு, நீ வாயைத் தைச்சுக்கிட்டு நிக்கற. அதையும் என் மனசுக்காகத்தான் பண்ணியா?"

"நீங்க மட்டும் பேசினீங்களா?"

கீழே மாஸ்டர் பாட்டைப் போட்டுப் பார்ப்பது மாடிவரை கேட்டது. எட்டில் வைத்த பாட்டு. கண்ணாடியில் ஆணியால் கீறுகிற மாதிரி.

"நான் போறேன் அண்ணி," என்றான் தம்பி. "நான் கெடுத்துட்டேன்னு நினைச்சாக் கோவம் வரும், ஒரு வருஷத்துல தீந்துடும். காது போச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் உக்காந்துருவாரு. நான் போறதே நல்லது."

மாஸ்டர் மேல் வராத கோபம் அவன் மேல் வந்தது.

"நல்லா இருக்கு தம்பி. ரொம்ப நல்லா இருக்கு. நீ பையைத் தூக்கிட்டுத் தியாகி மாதிரி போயிடுவ. நாளைக்கும் அவர் எட்டு வைப்பாரு. நாளைக்கும் நான் அவர் தூங்கறாரான்னு எட்டி எட்டிப் பாத்துத் திருடி மாதிரி வண்டிக்குள்ள ஏறணும். சாகற வரைக்கும் ஏறணும். எனக்கு யாரு பை கட்டித் தருவா?"

"அண்ணி, நான் அப்படிச் சொல்லல..."

"நீங்க ரெண்டு பேரும் எதையுமே சொல்ல மாட்டீங்க. ஒருத்தர் கேக்க மாட்டாரு, ஒருத்தர் சொல்ல மாட்டாரு. நடுவுல நான் இரும்புல தாளை ஒட்டிட்டு உக்காந்திருக்கேன்."

அவள் இறங்கினாள். அவன் "அண்ணி, வேணாம்" என்றது படியில் பின்னால் வந்தது.

மாஸ்டர் டாக்டர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ஒரு வெற்றி. "வா, வந்து கேளு. இப்பதான் பாட்டு பாட்டா இருக்கு."

"உள்ள உக்காருங்க. பேசணும்."

"என்ன?"

"உள்ள உக்காருங்க!"

"ஏன் கத்தற? அவனுக்காகப் பேச வந்தியா? அவன் பேச்சை எடுத்தே..."

அவள் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நின்று பார்த்துவிட்டு அவரும் ஏறிச் சாத்தினார். டயர்க்கடையின் காற்று மெஷின், லாரி, வெயிலில் நெளியும் தகரம், எல்லாம் ஒரே வெட்டில் போயின. அவள் கைப்பட ஒட்டிய வண்டி. நான்கு கதவு, தரை, பின்பெட்டி. இந்த ஊரிலேயே அவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற இடம் இது ஒன்றுதான் என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தம்பி லேப்டாப்பைத் தொடல," என்றாள். சாதாரணமாக, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரலில். "மூணு வச்சது நான்."

அவர் திரும்பினார். கேட்டிருந்தது.

"என்ன சொன்னே?"

"கேட்டுச்சு உங்களுக்கு."

"உனக்கு அதைத் தொடத் தெரியாதே."

"ரெண்டு வருஷமாத் தெரியும். உங்க காது போயிடுச்சு. எல்லாச் சத்தமும் இல்ல, மேல் சத்தம். கேக்கலன்னு நீங்க ஏத்தறீங்க. கேக்கறவங்களுக்கு அது ஊசி. அதான் நான் இறக்கறேன். தம்பி இப்பதான் கண்டுபிடிச்சான். எனக்குத் தெரியாம அவனும் இறக்கிட்டான்."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வர்றீங்களா?"

"பேசி வச்சிருந்தா வண்டி திரும்பி வந்திருக்காது."

அவர் பாட்டைப் போட்டார். விரல் ஸ்க்ரீனில் வேகமாக இடித்தது. எட்டில் வைத்த பாட்டு அவள் பல்லில் கூசியது. தலையைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லு, என்ன கேக்குது உனக்கு? பதினெட்டு வருஷமா இந்தப் பாட்டுதான் போடறேன். எனக்குத் தெரியாதது இதுல என்ன இருக்கு, சொல்லு."

"ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி பாடறவங்க மூச்சு இழுக்கறாங்க."

"மூச்சா?"

"மூச்சு."

"அந்த இடத்துல ஒண்ணும் கிடையாது. வீணை முடியும், பாட்டு எடுப்பாங்க."

"கல்யாணமான புதுசுல நீங்கதான் எனக்குக் காட்டினீங்க. பழைய கடையில, சிவப்பு வண்டிக்குள்ள. நல்ல ஸ்பீக்கர் போட்டாத்தான் இது கேக்கும்னு சொன்னீங்க."

அந்த இடம் வந்தது. வீணை முடிந்தது. எட்டில் வைத்திருந்ததால் அந்த மூச்சு தகரத்தைக் கிழிக்கிற மாதிரி வண்டி முழுக்க இழுத்துக்கொண்டு போனது. அவள் கண்ணைச் சுருக்கினாள். அவர் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு இன்னும் அதற்காகக் காத்திருந்தார். சரணம் தொடங்கிவிட்டது.

அவர் பாட்டைப் பின்னால் இழுத்துப் போட்டார். மறுபடியும். மூன்றாவது தடவை போட்டபோது அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண் எந்த இடத்தில் சுருங்குகிறது என்று பார்த்தார்.

பாட்டை அணைத்தார்.

"எத்தனை வண்டி?"

"நான் காய்ச்சல்ல கிடந்தப்ப போன ஒண்ணத் தவிர எல்லாம்."

"எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க."

"என் கையைப் புடிச்சுச் சொன்னாங்களே."

"ஆமா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவர் சட்டென்று கதவைத் திறந்து இறங்கினார். திரும்பி, தோளோடு கையை வீசி, அந்தக் கதவை ஓங்கி அறைந்தார்.

கதவு 'தப்' என்று மூடியது. மெத்தையில் தலையணை விழுகிற சத்தம்.

அவர் மறுபடி திறந்தார். இரண்டு கையாலும் பிடித்து இன்னும் ஓங்கி அறைந்தார். தப். கண்ணாடிகூட அதிரவில்லை. காற்று இல்லாமல், கட்டம் மறைய மறைய உருட்டிய தாள்.

மூன்றாவது தடவை அவர் அறையவில்லை. படிப்பக்கம் போனார். படியின் அடியில் தம்பி பையோடு நின்றிருந்தான். முன்கண்ணாடி வழியாக அவளுக்கு எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தன் காதைத் தானே ஒருமுறை அடித்துக் காட்டினார். தம்பி தலையைக் குனிந்து ஏதோ சொன்னான். மாஸ்டர் பையைப் பிடித்து இழுத்தார். தம்பி விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பையின் காது அறுந்து சட்டைகள் ஆயில் தரையில் விழுந்தன. எதிரே டயர்க்காரர் வெளிப்படையாகவே நின்று பார்த்தார். மாஸ்டர் குனிந்து ஒரு சட்டையை எடுத்தார், உதறினார், சுருட்டித் தம்பியின் நெஞ்சில் வைத்துக் குத்தினார். மாடியைக் கை காட்டினார். மறுபடி காட்டினார். தம்பி சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கணம் நின்று, மாடிக்கே ஏறினான்.

அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். கோபம்தான் இருந்தது, சூடு ஆறாமல். ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தாள். இருக்கை அவர் காலுக்கு ஏற்றபடி பின்னால் கிடந்தது. லிவரை இழுத்து முன்னால் கொண்டுவந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்துப் பாட்டைப் போட்டாள். எட்டு. ஏழு. ஆறு. பட்டறையின் நடுவில், கண்ணாடி வழியாக எல்லோரும் பார்க்க.

நான்கில் நிறுத்திக் கேட்டாள். மூன்றுக்கு இறக்கினாள். மூச்சு வரும் இடத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

கண்ணாடியில் தட்டும் அதிர்வு தோளில் தெரிந்தது. மாஸ்டர் வெளியே நின்றிருந்தார். வாய் அசைந்தது. திட்டுகிறாரா, கேட்கிறாரா என்று தெரியவில்லை. மறுபடி தட்டினார்.

அவள் திரும்பாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, இருங்க, என்று காட்டினாள்.